அரிப்புக்கு மாத்திரை: எது உதவும், எது கெடுக்கும்

சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்பவருக்குக் கை வெடிக்கிறது. வெட் புளூ தோலைப் புரட்டி அடுக்குபவருக்கு விரலிடுக்கு தடித்துச் சிவக்கிறது. பஃபிங் மெஷினில் நிற்பவருக்குத் தும்மல் ஓய்வதில்லை. ஷூ கம்பெனியில் பசை தடவும் பெண்ணுக்கு விரல்நுனி உரிகிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் வேலை நடக்கும் எந்த ஊரிலும் இவை பழகிப்போன தொந்தரவுகள். ஷிப்ட் முடிந்து திரும்பும் வழியில் மெடிக்கலில் நின்று, "அண்ணா, அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்கிறோம். சில்லறைக் காசுக்கு ஒரு அட்டை கைக்கு வந்துவிடுகிறது.

அந்த அட்டையைப் பற்றியது இந்த அத்தியாயம். முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தோல் வேலையில் வரும் அரிப்பில் பெரும்பகுதி, அலர்ஜி மாத்திரைக்குக் கட்டுப்படாத வகை. கட்டுப்படவில்லையே என்று ஒன்றை இரண்டாக்குகிறோம், இரண்டை நான்காக்குகிறோம். அரிப்பு அப்படியே இருக்கும். மூளையும் இதயமும்தான் பாதிக்கப்படும்.

1. உங்கள் அரிப்பு எந்த வகை?

*ஹிஸ்டமின் அரிப்பு.* ஒவ்வாத பொருள் பட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் ஓரிரு மணி நேரத்தில், தோல் திட்டுத்திட்டாகத் தடிக்கும். ஒரு திட்டு 24 மணி நேரத்துக்குள் தடயமில்லாமல் அடங்கி, வேறிடத்தில் புதிதாகக் கிளம்பும். காணாக்கடி, பித்தத் தடிப்பு என்று வீட்டில் சொல்வது இதைத்தான். அடுக்குத் தும்மலும் கண் அரிப்பும் மூக்கொழுகலும் இதே குடும்பம். உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள்தான் இதற்குக் காரணம். அலர்ஜி மாத்திரை ஹிஸ்டமினின் வேலையைத் தடுப்பதால், இந்த வகைக்குச் சரியான அளவில் நன்றாகவே கேட்கும்.

*குரோம் அரிப்பு.* தோலைப் பதப்படுத்தப் பயன்படும் குரோமியம் உப்பு சிலர் உடம்புக்கு ஆகாது. நோய் எதிர்ப்பு செல்கள் ஒருமுறை அதை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டால், பிறகு பல ஆண்டுகளுக்கு மறப்பதில்லை. குரோமியம் பட்ட ஓரிரு நாள் கழித்து அந்த இடம் சிவந்து, நீர் கோத்து, பிறகு காய்ந்து தடித்து வெடிக்கும். இதை நடத்துபவை ரத்தத்திலுள்ள டி செல்கள். ஹிஸ்டமினுக்கு இதில் பெரிய பங்கு இல்லை. ஆகவே மாத்திரையால் இது ஆறாது. "மாத்திரை போட்ட ராத்திரி அரிப்பு தெரியலையே" என்பார்கள். அன்றைக்கு நடந்தது தூக்கம். புண் இருந்தபடியே இருக்கிறது. ஷூ பசையிலுள்ள ரெசினும், ரப்பர் கையுறையில் சேரும் சில வேதிப்பொருள்களும் உண்டாக்கும் அரிப்பும் இந்த வகையைச் சேர்ந்ததே.

*எரிச்சல் புண்.* சுண்ணாம்பு, சோடியம் சல்பைடு, அமிலம், தின்னர் ஆகியவை தோலை நேரடியாக அரிக்கின்றன. இது அலர்ஜியே இல்லை. யார் கையில் பட்டாலும் வரும். இங்கே அலர்ஜி மாத்திரைக்கு வேலை கிடையாது.

வகை பிரிக்க ஒரு சுலபமான வழி: அரிப்பு எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். பொங்கல், ரம்ஜான் விடுமுறையில் கை தேறி, வேலைக்குப் போன இரண்டு மூன்று நாளில் மறுபடி கிளம்பினால், காரணம் வேலையிடத்தில் இருக்கிறது. உறுதி செய்ய பேட்ச் டெஸ்ட் உண்டு. சந்தேகப் பொருள்களை முதுகில் சிறு ஒட்டுகளாக ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கும் ஓரிரு நாள் கழித்து இன்னொருமுறை பார்ப்பார்கள். பெரிய மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் இதைப் பற்றிக் கேளுங்கள்.

2. அட்டையில் எழுதியிருக்கும் பெயரைப் படியுங்கள்

கடையில் கிடைக்கும் அலர்ஜி மருந்துகள் இரண்டு தலைமுறை.

*பழைய தலைமுறை:* ஃபெனிரமின் (அவில் என்று கேட்டு வாங்குவது), குளோர்ஃபெனிரமின் (அரசு ஆஸ்பத்திரியில் தரும் சின்ன சிபிஎம் மாத்திரை), டைஃபென்ஹைட்ரமின் (பல இருமல் டானிக்குகளில் இருப்பது), புரோமெத்தசின், ஹைட்ராக்சிசின். இவை ரத்தத்திலிருந்து மூளைக்குள் சுலபமாக நுழைந்துவிடும்.

*புதிய தலைமுறை:* செட்ரிசின், லிவோசெட்ரிசின், லோரட்டடின், ஃபெக்ஸோஃபெனடின். இவை மூளைக்குள் போவது மிகக் குறைவு. ஆனாலும் செட்ரிசினும் லிவோசெட்ரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு செட்ரிசின் 10 மி.கி., ஒரு நாளைக்கு ஒன்று. கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு அதையும் குறைக்கவேண்டும்.

பழைய தலைமுறை மருந்துகளில் பெரும்பாலானவை 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜி பட்டியலில் உள்ளன. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் உட்கொள்வது ஆபத்து என்ற எச்சரிக்கை அட்டையிலோ பெட்டியிலோ இருக்கவேண்டும் என்பது சட்டம். மாத்திரையைக் கத்தரித்து உதிரியாகக் கொடுக்கும்போது அந்த எச்சரிக்கை கடையிலேயே தங்கிவிடுகிறது. உதிரியாக வாங்கினாலும் மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் கவரில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

3. இல்லாதது ஏன் கண்ணில் தெரிகிறது?

நம் நரம்புகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் பொருள்களில் ஒன்று அசிடைல்கோலின். எச்சில் ஊறுவது, வியர்ப்பது, சிறுநீர் பிரிவது, கண்மணி சுருங்குவது, நினைவு தெளிவாக இருப்பது எல்லாவற்றுக்கும் அது வேண்டும். பழைய தலைமுறை அலர்ஜி மருந்து ஹிஸ்டமினை மட்டும் தடுத்துவிட்டு நிற்பதில்லை, அசிடைல்கோலினையும் தடுக்கிறது. சரியான அளவில் இது வாய் உலர்வதோடும் தூக்கத்தோடும் முடிந்துவிடும். அளவு மீறும்போது மூளையில் அந்தப் பேச்சு அறுந்துபோகிறது.

ஊமத்தங்காயைத் தின்றவருக்கு என்ன ஆகும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஊமத்தையிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபோலமினும் தடுப்பது இதே அசிடைல்கோலினைத்தான். அதனால் இரண்டு நஞ்சின் குணமும் ஒன்றுபோலவே இருக்கும். மாத்திரை அளவு மீறியவர் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார். வராத ஆளோடு பேசுவார். காற்றில் எதையோ பிடுங்குவார். போர்வையில் இல்லாத நூலை இழுப்பார். எந்த ஊரில் இருக்கிறோம், இரவா பகலா என்று தெரியாது. கொஞ்சநேரம் தெளிவாகப் பேசி, மறுபடி பிதற்றுவார். மாத்திரையால் போதையும் வேடிக்கையும் கிடைக்கும் என்று சொல்லிக் கேட்ட இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தான் காண்பது பொய் என்ற தெளிவே அந்த நிலையில் இருக்காது. பயமும் கிலியும்தான் மிஞ்சும்.

கலக்கம் மூளையோடு நிற்பதில்லை. இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். 2020இல் டைஃபென்ஹைட்ரமினை அளவுக்கு மீறி விழுங்கும் சவால் ஒன்று டிக்டாக் வழியாக அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடையே பரவியது. அந்த ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாக எச்சரிக்கை விடுத்தது. கடையில் சுலபமாகக் கிடைக்கும் மருந்துதானே என்று எண்ணிய பிள்ளைகள் இதயக் கோளாறிலும் வலிப்பிலும் விழுந்தார்கள், இறந்தவர்களும் உண்டு. நம் நாட்டில் ஃபெனிரமின் ஊசியை வேறு வலி மருந்தோடு கலந்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் வடமாநில நகரங்களில் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆறாத புண்ணும் ரத்தக்குழாய் அடைப்பும் அதன் விளைவு.

4. தெரியாமலே அளவு எப்படி மீறுகிறது?

வேண்டுமென்றே விழுங்குபவர்கள் சிலர். தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் வேறு. இப்படி ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் அரிப்புக்கு அவில். மதியம் சளி பிடித்திருக்கிறது என்று மெடிக்கலில் "ஒரு செட்" மாத்திரை. இரவு இருமலுக்கு இரண்டு மூடி டானிக். மூன்றும் வேறு வேறு வியாதிக்கு என்றுதான் நினைப்போம். ஆனால் சளி மாத்திரைகளில் பெரும்பாலும் குளோர்ஃபெனிரமின் கலந்திருக்கும். டானிக்கில் டைஃபென்ஹைட்ரமினோ குளோர்ஃபெனிரமினோ இருக்கும். ஒரே வகை மருந்து மூன்று வழியில் உள்ளே போய்விட்டது. குளோர்ஃபெனிரமின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்பதால், நேற்றைய மாத்திரையும் இன்றைய கணக்கில் சேரும்.

இன்னும் சில மருந்துகள் இதே திசையில் தள்ளும்: வயிற்றுவலிக்கான டைசைக்ளோமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், மனநல மருந்தோடு சேர்த்துத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில். இவற்றில் ஏதாவது ஒன்றை எடுப்பவர் பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரையைத் தானாக வாங்கக் கூடாது. மதுவோடு சேர்ந்தால் தூக்கம் மயக்கமாகிவிடும்.

செட் மாத்திரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு ஒரே நாளில் அடங்கும். அதை நம்பி மாதக்கணக்கில் தின்றால் முகம் ஊதும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும். நீண்டநாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

5. கத்திரி வெயிலும் மெஷினும்

மே மாதத்தில் வேலூர் வட்டாரத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். தகரக் கூரைக்குக் கீழே, டிரையர் பக்கத்தில் நிற்பவரைக் காப்பாற்றுவது வியர்வை ஒன்றுதான். வியர்வைச் சுரப்பியை வேலை செய்யவைப்பதும் அசிடைல்கோலின். அதை மாத்திரை தடுத்துவிட்டால் உடம்பு அனலாகும், தோல் காய்ந்திருக்கும், சூடு வெளியேற வழியிருக்காது. ஆகவே வெயில் காலத்தில் பழைய தலைமுறை மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது. நோன்பு மாதத்தில் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். தும்மலுக்கோ தடிப்புக்கோ மருந்து வேண்டுமென்றால், இஃப்தாருக்குப் பிறகு ஒருவேளை எடுக்கும் புதிய தலைமுறை மாத்திரை போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

ஃப்ளெஷிங், ஸ்ப்ளிட்டிங், ஷேவிங் மெஷின்களும், ஷூ கம்பெனியின் கட்டிங் பிரஸ்ஸும் ஒரு நொடி கண் சொக்கினால் விரலைக் கொண்டுபோய்விடும். பழைய தலைமுறை மாத்திரை போட்டவர் தனக்குத் தூக்கம் வரவில்லை என்று நினைக்கும்போதே கையின் வேகம் குறைந்திருக்கும். இரவு போட்டாலும் காலை ஷிப்டில் அதன் மந்தம் மிச்சமிருக்கலாம். பைக்கில் நெடுஞ்சாலையைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். உங்கள் பிரிவில் ஒருவர் மாத்திரை போட்டு வந்திருந்தால், அன்றைக்கு மெஷினை விட்டு வேறு வேலை கொடுக்கச் சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.

6. யார் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்?

*வயதானவர்கள்.* வழக்கமான அளவிலேயே குழம்பிப் பிதற்றலாம், சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். பழைய தலைமுறை அலர்ஜி மருந்தை முதியவர்களுக்குத் தவிர்க்கவேண்டும் என்பது மருத்துவ உலகில் ஒப்புக்கொள்ளப்பட்ட அறிவுரை. புராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

*குழந்தைகள்.* அரிப்புக்கோ சளிக்கோ பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். தூங்கவைக்க டானிக் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு இது நேர்மாறாகத் துடிப்பையும் அழுகையையும் வலிப்பையும்கூடத் தரலாம். குளோர்ஃபெனிரமினும் ஃபெனைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று அட்டையில் அச்சிடும்படி, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அதுவும் இந்த வகைச் சளி மருந்துதான். சளி தானாக ஆறும். டானிக் இல்லாமல் ஆறட்டும்.

வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கும் பெண்கள் ஆம்பூர்ப் பக்கம் நிறையப்பேர். பசை டப்பா, தின்னர், மாத்திரை எல்லாம் பிள்ளைகள் தவழும் அறையிலேயே இருக்கும். மூன்றையும் பூட்டு போட்ட பெட்டியில், எட்டாத உயரத்தில் வையுங்கள்.

7. ஒருவர் பிதற்றினால் என்ன செய்வது?

*அடையாளங்கள்:* கண்மணி விரிந்து வெளிச்சம் கூசுவது, நாக்கு ஒட்டும் அளவுக்கு வாய் உலர்வது, முகம் சிவந்து உடம்பு வியர்வையின்றிச் சுடுவது, நெஞ்சு படபடப்பது, சிறுநீர் வராமல் அடிவயிறு உப்புவது, இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு, மயக்கம்.

*செய்யவேண்டியவை:*

1. உடனே 108ஐ அழையுங்கள். தானாகத் தெளியும் என்று காத்திருக்காதீர்கள்.
2. தெரிந்த ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசட்டும். விளக்கு எரியட்டும். அவர் பார்ப்பதை இல்லை என்று வாதாட வேண்டாம்.
3. உடம்பு சுட்டால் சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள்.
4. மயங்கினால் இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.
5. காலி அட்டை, பாட்டில், கவர் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை மாத்திரை என்று குறித்துக் கொடுங்கள்.

*செய்யக்கூடாதவை:* உப்புத் தண்ணீரோ புளிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, பால், மோர், எலுமிச்சைச் சாறு ஊற்றுவது, கயிற்றால் கட்டுவது, அறையில் தனியே பூட்டுவது.

காற்று கருப்பு பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிச்செல்லும் வழக்கம் நம் பக்கம் உண்டு. உங்கள் நம்பிக்கைக்கு உரிய இடத்துக்குப் பிறகு போய்க்கொள்ளலாம், முதலில் ஆஸ்பத்திரி. மனநோயில் குரல் கேட்பதே அதிகம். திடீரென்று உருவங்கள் தெரிவதும், நேரமும் இடமும் மறப்பதும், கூடவே உடம்பு சுடுவதும் மருந்து நஞ்சின் அடையாளங்கள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பார்கள், குளுக்கோஸ் ஏற்றுவார்கள், அமைதிப்படுத்தும் ஊசி போடுவார்கள், தேவைப்பட்டால் சிறுநீருக்கு டியூப் வைப்பார்கள். நேரத்தோடு வந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். விஷமுறிவு பற்றிய ஆலோசனைக்கு டில்லி எய்ம்ஸின் தேசிய நஞ்சுத் தகவல் மையம் உண்டு: 1800 116 117.

வாழ்க்கை வெறுத்து விழுங்கியிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்தில் பொய் சொன்னால் சிகிச்சை தவறிப்போகும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் சிகிச்சையும் ஆதரவும் தரவேண்டும் என்பதே 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலை. மனம் விட்டுப் பேச 14416, 104 என்ற எண்கள் உண்டு.

8. மாத்திரையைக் குறைக்க, காரணத்தைக் குறையுங்கள்

- குரோம் அலர்ஜி உள்ளவர் தோல் கையுறை போடக் கூடாது. அந்தக் கையுறையே குரோமில் பதப்படுத்தியதாக இருக்கும். நைட்ரைல் அல்லது பிவிசி கையுறை கேளுங்கள். கிழிந்ததையும் உள்ளே ஈரமானதையும் உடனே மாற்றுங்கள்.
- காலில் அரிப்பு என்றால் தோல் செருப்பையும் ஷூவையும் சந்தேகியுங்கள். ரப்பர் செருப்புக்கு மாறிப் பாருங்கள். அதிலும் அரித்தால் காரணம் ரப்பராக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.
- தோல் வேலையை விட்டுக் கட்டட வேலைக்குப் போனால் சரியாகும் என்று எண்ணாதீர்கள். சிமெண்டிலும் குரோமியம் உண்டு.
- கையைத் தின்னராலும் பிளீச்சாலும் கழுவாதீர்கள். சாதா சோப்பும் தண்ணீரும் போதும். துடைத்த உடனே தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவுங்கள்.
- வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்.
- குரோம் புண்ணுக்கு உரிய மருந்து, தோல் டாக்டர் அளவோடு எழுதித் தரும் களிம்பு. அதையும் சொன்ன நாளுக்கு மேல் தடவக் கூடாது.

ஐரோப்பாவில் தோலில் படும்படியாக விற்கும் தோல் பொருள்களில் எளிதில் அலர்ஜி தரும் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மி.கி.க்குக் கீழே இருக்கவேண்டும் என்ற விதி 2015 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆம்பூரில் தைத்த ஷூவும் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் கப்பல் ஏறுகிறது. ஷூ போடுபவரின் காலுக்குக் கிடைக்கும் அதே அக்கறை, அதைச் செய்பவரின் கைக்கும் கிடைக்கவேண்டும். அதைக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சியும் குரோம் புண்ணும் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. கண்டறியும் டாக்டரும் நிர்வாகமும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. அந்தத் திட்டமும் தொழில்சார் தோல் நோயை ஏற்கிறது. மெடிக்கல் வாசலில் நிற்பதற்குப் பதிலாக இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டுங்கள். "வேலையால் வந்தது" என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்கவும், பிறகு இழப்பீடு கேட்கவும் அந்தச் சீட்டுதான் ஆதாரம். இஎஸ்ஐ இல்லாத வீட்டுத் தையல்காரர்கள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பெரிய சிகிச்சைக்கு இருக்கிறது.

9. இந்த வாரம் செய்யவேண்டியவை

1. வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் டானிக்கையும் வெளியே எடுத்து, மேலே சொன்ன பழைய தலைமுறைப் பெயர்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று எண்ணுங்கள்.
2. பெயர் தெரியாத உதிரி மாத்திரையைப் பயன்படுத்தாதீர்கள்.
3. அடுத்தமுறை மெடிக்கலில் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் என்ன மருந்து? ஒரு நாளைக்கு எத்தனை? நான் ஏற்கனவே எடுப்பதோடு சேருமா?
4. ஒரு வாரம் மாத்திரை போட்டும் அரிப்பு அடங்கவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள். நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.
5. 108, 104, 14416, 1800 116 117 ஆகிய நான்கு எண்களையும் வீட்டிலுள்ள எல்லார் செல்போனிலும் பதிந்து வையுங்கள்.